தொலையாத சாவி

கண்ணிவெடி அகற்றும் பிரிவில் அவனுக்குப் பூனைக்கால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. முகாமில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. ஆனால் பின்னால் வந்து நின்றால் நிற்பதே தெரியாது. டீ டம்ளரோடு திரும்பியவர்கள் அவனைப் பார்த்துப் பதறிச் சட்டையில் ஊற்றிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு.

சண்டை ஓய்ந்த ஒரு தேசத்தில், வயல்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் புதைந்து கிடந்த வெடிகளை எடுத்துக்கொண்டிருந்தது அவனுடைய பிரிவு. சொந்த நாட்டை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அங்கிருந்துதான் அவனை இரண்டு நாள் வேலையாகப் பக்கத்து நாட்டு நகரம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவிகள் ஐந்தை அங்கே ஒரு பட்டறையில் சோதித்து வாங்கி வரவேண்டும். கருவியில் கோளாறு, கருவியில் கோளாறு என்று மூன்று மாதமாகக் கேப்டனை நச்சரித்தவன் அவன்தான். தொல்லை தாங்காமல், "நீயே தூக்கிட்டுப் போய் நீயே சரி பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

பட்டறையில் ஒரு டெக்னீஷியன் அம்மாள் இருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, மேஜை மீது மண் நிரப்பிய தொட்டிகளின் மேல் கருவியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். மூன்றை முடிக்கவே மாலையாகிவிட்டது.

"மூணும் நல்லாத்தானே இருக்கு? யாரு சொன்னது கோளாறுன்னு?"

"நான்தான்."

"என்ன செஞ்சுது?"

அவன் ஒரு கருவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். சொல்வதென்றால் வெடிச்சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெடிச்சிரிப்பு என்பது அவனுடைய கூட்டாளியின் பட்டப்பெயர். அவன் சிரித்தால் நாலு கூடாரம் தள்ளிப் படுத்திருப்பவன் எழுந்து உட்காருவான். மூன்று மாதத்துக்கு முன்னால் பூனைக்கால் ஒரு சரிவில் கருவியோடு அங்குலம் அங்குலமாகத் தேடி, ஒன்றும் இல்லை என்று வெள்ளைக் கொடி நட்டு ஒரு பாதையை ஒப்படைத்தான். அன்றிரவு மழை கொட்டியது. மறுநாள் காலை அந்தப் பாதையில் கொடிக்கம்புகளைச் சுமந்து போன வெடிச்சிரிப்புக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று. விசாரணை நடந்தது. மேட்டிலிருந்து மழைநீர் அடித்துக்கொண்டு வந்த வெடி, யார் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பூனைக்காலுக்கு மழையைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தன்னைச் சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. கடைசியில் கருவியைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, மிச்சம் ரெண்டையும் நாளைக்குப் பார்த்துடறேன். சாயந்தரம் நாலு மணிக்கு வாங்க. நாலுன்னா நாலு. நாலரைக்குப் பூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள் டெக்னீஷியன் அம்மாள்.

ஹோட்டல் அறைக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"அப்ப நாளைக்குப் பூரா சும்மாவா? என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யறது? கதவைச் சாத்திட்டுத் தூங்க வேண்டியதுதான்."

"நல்லா இருக்கே நியாயம்! இங்க நான் ஒருத்தி ஆஸ்பத்திரி வேலைக்கும் உங்க பொண்ணோட வீட்டுப்பாடத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஒரு புது ஊரு கையில கிடைச்சிருக்கு, தூங்கப் போறாராம். காலையில எழுந்து ஊரைச் சுத்திப் பாருங்க. அஞ்சு இடம். அஞ்சுல ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

"தனியாவா? தனியா நான் எங்கயும் சும்மா போனதே இல்லையே."

"அதனாலதான் சொல்றேன்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்த நாளிலிருந்து எங்கே போனாலும் முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். லீவில் போனால் குடும்பம். முப்பத்தைந்து வயதுக்குள் தன் இஷ்டத்துக்கு ஒரு தெருவில் திரும்பியது கிடையாது. சரி, சொல்லிவிட்டாள், செய்துவிடுவது என்று முடிவு கட்டினான். எதையும் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் அவனை யாராலும் அசைக்க முடியாது. முகாமில் அதற்கும் தனியாக ஒரு பட்டப்பெயர் உண்டு; அது இங்கே வேண்டாம்.

காலையில் வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் வரைபடம் கேட்டு, ஐந்து இடங்களை வட்டமிட்டு வாங்கினான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் நேரம் குறித்தான். எட்டரைக்கு அருங்காட்சியகம். ஒன்பதே முக்காலுக்கு மணிக்கூண்டு. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது சுத்திப் பார்க்கறதா, தாக்குதலா?" என்று கேட்டாள்.

அருங்காட்சியகத்தை இருபது நிமிடத்தில் முடித்தான். அவனுடைய நடை அப்படி. பழைய பானைகளுக்கு முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தவர்கள், கண்ணாடிப் பெட்டிகளை அணிவகுப்புப் பார்வையிடுவதுபோல் கடந்து போகும் இந்த நெட்டை ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மணிக்கூண்டில் நிதானித்தான். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றுவதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. காவலாளி இரண்டு முறை கனைத்த பிறகுதான் நகர்ந்தான். பிறகு இரும்புப் பாலம். பிறகு மீன் சந்தை. அங்கே ஒரு கடைக்காரி அவனைப் பார்த்ததுமே, "வாங்கற மூஞ்சி இல்ல, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்துவிட்டான். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று நினைவுக்கு வரவில்லை. மனைவிக்குப் படம் படமாக அனுப்பினான். நான்கு முடிந்தபோது மணி ஒன்று.

ஐந்தாவது, ஊர்க்கோடியில் ஒரு பழைய காவல் கோபுரம். டிராமில் கடைசி நிறுத்தம். இறங்கிக் கல் பாவிய பாதையில் நடந்தான். ஒரு சின்ன வாசல், பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். கல்பாதை வாசலோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் கோபுரத்தின் அடி வரைக்கும் புல்வெளி. இருநூறு மீட்டர் இருக்கும். மெல்ல மேடேறிப் போகும் பச்சை. பாதை என்று ஒன்றும் இல்லை. ஜனங்கள் துணி விரித்துப் படுத்திருந்தார்கள்.

அவன் வலது காலைத் தூக்கினான். கால் இறங்கவில்லை.

மறுபடி முயன்றான். புல்லுக்கு நாலு விரற்கடை மேலே கால் நின்றது. உள்ளங்கால் வியர்த்தது. காலைத் திரும்பக் கல் மேலேயே வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவன் மண்ணை மிதிக்கவே இல்லை. பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பூங்கா குறுக்கே வந்தபோதுகூட ஒன்றரைத் தெரு சுற்றித் தார்ச்சாலையில் வந்திருந்தான். இன்றைக்கு மட்டுமா? முகாமில் சரளைப் பாதையை விட்டு இறங்கி எத்தனை நாள் ஆயிற்று? சாயங்காலம் எல்லாரும் பந்து விளையாடக் கூப்பிட்டால் முட்டி வலி என்பான். சமையற்காரர் பின்பக்கத் தோட்டத்தில் தக்காளி பறித்துத் தரச் சொன்னால் வேறு யாரையாவது ஏவுவான். கருவியும் கவசமும் இருந்தால் பயமில்லை. வெடிக்கு ஒரு சாண் தள்ளி மண்டியிட்டு வேலை பார்க்கும்போது கை நடுங்கியதில்லை. வெறுங்கையோடு வெறும் மண்ணில் நடக்க முடியவில்லை. மூன்று மாதமாக அதைத் தனக்கே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறான்.

"என்ன தம்பி, மயக்கமா? தண்ணி வேணுமா?" கூண்டுக்குள்ளிருந்து டிக்கெட் அம்மாள் தலையை நீட்டினாள்.

"இல்லம்மா. இந்தப் புல்லு... இங்க எல்லாரும் நடப்பாங்களா?"

"நடப்பாங்க, உருளுவாங்க, குரங்குச் சேட்டை எல்லாம் பண்ணுவாங்க. என் வீட்டுக்காரர்தான் பதினாறு வருஷமா இங்க புல்லு வெட்டறாரு. ஒரு கூழாங்கல்லு மெஷின் பிளேடுல பட்டாப் போதும், ராத்திரி சாப்பாடு வரைக்கும் என்கிட்ட புலம்பித் தீர்ப்பாரு. அங்க ஒரு குண்டூசி கிடந்தாலும் எனக்குத் தெரியாம இருக்காது. தைரியமாப் போங்க. மூணு மணிக்குச் சாத்திடுவேன்."

அவனுக்குப் புரிந்தது. காலுக்குப் புரியவில்லை.

திரும்பி டிராம் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்தான். தூரத்திலிருந்தே கோபுரத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டால் ஆயிற்று. ஏறினானா இல்லையா என்று மனைவி வந்து பார்க்கவா போகிறாள்? டிராம் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் அவனைப் பார்த்தார். அவன் ஓட்டுநரைப் பார்த்தான். "நீங்க போங்க" என்று கை காட்டிவிட்டு எழுந்து திரும்பவும் வாசலுக்கு வந்தான்.

நடக்க முடியாவிட்டால் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று தோன்றியது. கல்லின் விளிம்பில் மண்டியிட்டான். சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, வெடி தேடும் கம்பியைச் செருகுவதுபோல் சாய்வாகப் புல்லுக்குள் செருகினான். மண். இரண்டு விரல் தள்ளி மறுபடி செருகினான். மண். ஒரு முழம் சோதித்து ஒரு முழம் முழங்காலால் நகர்ந்தான். இந்தக் கணக்கில் போனால் கோபுரத்துக்கு நாளை மறுநாள் போய்ச் சேரலாம். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஆனால் இரண்டு முழங்காலும் புல் மேல் இருந்தன.

"ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

நிமிர்ந்தான். பெரிய தொப்பி போட்ட ஒருவர், கையில் பாதி கடித்த ரொட்டியோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஆமா" என்றான், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"என்னது?"

"சாவி."

"அடடா, வீட்டுச் சாவியா?"

"ஹோட்டல் சாவி."

அவ்வளவுதான். தொப்பிக்காரர் ரொட்டியை மனைவி கையில் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினார். மனைவி ரொட்டியைத் தானே தின்று முடித்துவிட்டு இறங்கினாள். கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் எழுந்து வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒருவர் ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடியே, "சாவிக்கொத்தா, ஒத்தைச் சாவியா?" என்று விவரம் கேட்டார். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து புல்லைக் கலைத்தார்கள். ஒருத்தர் பார்த்த இடத்தையே இன்னொருத்தர் பார்த்தார். தொப்பிக்காரர் வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

பூனைக்காலுக்குப் பொறுக்கவில்லை. பொய்ச் சாவியே ஆனாலும் தேடுவதற்கு ஒரு முறை இல்லையா?

"இப்படித் தேடினா ஒரு மாசம் ஆனாலும் கிடைக்காது" என்று எழுந்து நின்றான். "எல்லாரும் ஒரே வரிசையில நில்லுங்க. கைய நீட்டினா பக்கத்துல இருக்கறவங்க கை தொடணும். அவங்கவங்க முன்னாடி மட்டும் பாருங்க. நான் சொன்னா ஒரு அடி. நிக்கணும். பார்க்கணும். அப்புறம்தான் அடுத்த அடி."

அந்தக் குரலுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. ஐந்து பேரும் வரிசை கட்டினார்கள். அவன் நடுவில் நின்றான்.

"ஒரு அடி."

ஆறு கால்கள் எழுந்து இறங்கின. அவனுடையதும்.

"நில்லுங்க. பாருங்க. ஒரு அடி."

வரிசை மேட்டில் ஏறியது. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி ஒரு கரண்டியைக் கண்டெடுத்தாள். ஓட்டக்காரர் ஒற்றைச் சாக்ஸைக் கண்டெடுத்து, உடனே வைத்துவிட்டார். வாசல் பின்னால் தள்ளிப் போயிற்று. நூறு மீட்டர் வந்திருப்பார்கள்.

"இதோ பளபளன்னு!" என்று தொப்பிக்காரர் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதே!"

அந்தக் கத்தலில் புல்வெளி முழுக்க உறைந்துபோயிற்று. தூரத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தொப்பிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் விரலுக்குக் கீழே ஒரு சோடா பாட்டில் மூடி, வெயிலில் மின்னியது.

"ஒரு மூடிக்கா இப்படிக் கத்தினீங்க?" அவர் முகம் வெளுத்திருந்தது. "உயிரே போயிடுச்சு எனக்கு."

பூனைக்கால் அவரைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். பிறகு தன் காலடியைப் பார்த்தான். சுற்றிலும் நூறு மீட்டருக்குப் புல். நடுவில் அவன்.

"மன்னிச்சுக்குங்க" என்றான். "சாவி தொலையல. சாவியே கிடையாது."

"என்னது?"

"நான் படையில இருக்கேன். கண்ணிவெடி எடுக்கற வேலை. என் கூட்டாளிக்கு ஒரு கால் போச்சு, நான் சுத்தம் பண்ணின பாதையில. அதுலேருந்து எனக்கு மண்ணுல கால் வைக்க முடியல. அந்தக் கோபுரத்தைப் பார்க்கணும்னு வந்தேன். நீங்க கேட்டதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கேப்டனிடம் இல்லை, மனைவியிடம் இல்லை. பேர் தெரியாத ஐந்து பேரிடம், நடு வெயிலில், கையில் ஒரு பென்சிலோடு சொல்லிவிட்டான்.

ஓட்டக்காரர் தரையைப் பார்த்தார். கரண்டிக்காரப் பெண் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொப்பிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இவ்வளவு நேரம் நான் இடுப்பை ஒடிச்சுக்கிட்டது ஒண்ணுமில்லாததுக்கா? என் ரொட்டியும் போச்சு."

"சும்மா இருங்க" என்று மனைவி அதட்டினாள். பூனைக்காலிடம் திரும்பி, "இன்னும் பாதி தூரம் இருக்கே தம்பி. வரிசையாவே வர்றோம். வாங்க" என்றாள்.

தொப்பிக்காரரும் தொப்பியைச் சரி செய்துகொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றார்.

தலையை ஆட்டினான். "வேண்டாங்க. நீங்க இவ்வளவு செஞ்சதே போதும். இதுக்கு மேல நானே போறேன்."

பென்சிலைப் பையில் போட்டான். கீழே பார்ப்பதில்லை என்று முடிவு செய்தான். பதினேழு வருடமாகத் தரையைப் பார்த்தே பழகிய கண்ணை இழுத்துக் கோபுரத்தின் உச்சி ஜன்னலில் வைத்தான். முதல் அடி வைத்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது. இரண்டாவது அடி அதைவிட மோசம். பத்தாவது அடியில் கண் தானாகத் தரைக்கு இறங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். நாற்பதாவது அடியில் ஒரு சின்னப் பள்ளத்தில் கால் இடறியது. விழுந்தான். இரண்டு கையும் புல்லில் பதிந்தன. வெதுவெதுப்பான மண். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுந்து, கையைத் துடைக்காமலே நடந்தான். கோபுரத்தின் முதல் கற்படியைத் தொட்டபோது அவன் சட்டையைப் பிழியலாம்.

பின்னால் கைதட்டல் கேட்டது. தொப்பிக்காரர் விசிலே அடித்தார்.

உச்சிக்கு ஏறினான். ஊர் முழுக்கத் தெரிந்தது. அவன் காலையில் பார்த்த பாலம் விரல் நீளத்துக்குக் கிடந்தது. சந்தையின் தகரக் கூரை, டிராம் தண்டவாளம், அதற்கப்பால் பெரிய ஆறு. கீழே குனிந்து பார்த்தால் புல்வெளி. பாதி வரைக்கும் புல் மடங்கிய ஆறு கோடுகள். அங்கிருந்து கோபுரம் வரைக்கும் ஒற்றைக் கோடு.

போனை எடுத்தான். வெடிச்சிரிப்பின் எண்ணிலிருந்து வந்து, எடுக்காமல் விட்ட அழைப்புகள் திரையில் வரிசையாகக் கிடந்தன. அந்த எண்ணை அழுத்தினான்.

"யாரு, பூனைக்காலா? உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்டா."

"மூணு மாசமாக் கூப்பிடறேன். கால் போனவன் கால் பண்ணினா எடுக்கக் கூடாதுன்னு உங்க முகாம்ல சட்டமா?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். போனைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நான் சுத்தம் பண்ணின பாதைடா அது" என்றான் பூனைக்கால்.

சிரிப்பு நின்றது. "தெரியும். அதுக்கென்ன இப்ப?"

"எதையாவது விட்டுட்டேனோன்னு..."

"விட்டிருக்கலாம். மழை கொண்டாந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குக் கோவம் வரலைன்னு சொன்னா பொய். முதல் மாசம் உன்னைக் கெட்ட வார்த்தையிலதான் திட்டினேன். ஆனா அதைவிடக் கோவம், நீ போன் எடுக்காததுக்கு. கால் போனது ஒரு நாள்ல போச்சு. நீ தினமும் போனே."

பூனைக்கால் தூரத்தில் பார்த்தான். ஆறு மங்கலாகத் தெரிந்தது.

"அழறியா?"

"ஆமா."

"அழு. முடிச்சிட்டுச் சொல்லு, எனக்கு இன்னும் நிறையத் திட்டு பாக்கி இருக்கு."

டிக்கெட் அம்மாள் மணியடிக்கும் வரைக்கும் பேசினார்கள். இறங்கி வரும்போது புல்லில் கால் தயங்கத்தான் செய்தது. தயங்கிய காலை ஒவ்வொரு முறையும் வைத்தான். தொப்பிக்காரரும் மனைவியும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பட்டறைக்குள் ஓடினான். டெக்னீஷியன் அம்மாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு ஐந்து பெட்டிகளைக் காட்டினாள்.

"அஞ்சும் சுத்தமா இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன். உங்ககிட்ட சொல்லிடறேன், கோபப்படாதீங்க, இந்தக் கருவி மேல ஒரு பழியும் இல்ல."

"தெரியும்மா" என்று கையெழுத்துப் போட்டான்.

பட்டறை வாசலிலேயே பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேப்டனைக் கூப்பிட்டான்.

"அஞ்சும் சரியா இருக்கு சார். கோளாறு என்கிட்டதான்."

முட்டி வலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். சாவியைப் பற்றிக்கூடச் சொன்னான். கேப்டன் முடியும் வரைக்கும் கேட்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைப் பாதையில இறக்கியிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "நாளைலேருந்து இறங்காதே. டாக்டரைப் பாரு. அவரு சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டோர்ல இரு."

"பார்க்கறேன் சார். ஸ்டோர்லயும் இருக்கேன். ஊருக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சார். அந்தப் பள்ளிக்கூட மைதானம் பாதிதான் முடிஞ்சிருக்கு."

"அதை டாக்டர் சொல்லட்டும்."

"சரி சார்."

டாக்டர் ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஏழு வாரமும் ஸ்டோரில் கொடிக்கம்புகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். சில நாள் மூன்று சுற்று, சில நாள் பாதியில் திரும்பிவிடுவான். எட்டாவது வாரம் கேப்டன் அவனைப் பள்ளிக்கூட மைதானத்தின் மிச்சப் பாதியில் இறக்கினார். முதல் நாள் அவன் நாலு மீட்டர்தான் முடித்தான். இவ்வளவுதானா என்று கேப்டன் கேட்டதற்கு, "நாளைக்கும் நாலுதான் சார்" என்றான்.